ஆடியது இருக்கட்டும், அவர்கள் கேட்டதற்கு விடை என்ன?



நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சில வாரங்களாக ஒரு காணொளித் துண்டு சுற்றி வருகிறது. தலை மறைத்த மலாய்ப் பெண்கள் சிலர் அரங்கு ஒன்றில் ஆடுகின்றனர். தாளம் பழைய மலாய்த் தாளம், அசைவுகள் இக்காலத்தவை. ஒருத்தி முறத்தில் அரிசி புடைப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கிறாள்; நிறுத்துவதே இல்லை. மற்றொருத்தி மணக்கோலத்தில் அசையாது அமர்ந்திருக்கிறாள். சுற்றி நிற்போர் ஒவ்வொருவராக வந்து அவள் கையை ஒரு பக்கம் எடுத்து வைக்கின்றனர். தலையை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகின்றனர். அவ்வளவே, இரண்டு நிமிடத்திற்கும் குறைவு. நம்மவர் எவரோ அதன்கீழ்ச் சேர்த்திருக்கும் குறிப்போ, மலாய் முஸ்லிம்கள் மார்க்கத்தை விற்றுவிட்டார்கள் என்றும், நம் பெண்பிள்ளைகளைக் காத்துக்கொள்ள இது ஓர் எச்சரிக்கை என்றும் முழங்குகிறது.

ஓமலூர் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துவரும் நம்மிடம், இதற்கு ஒரு மறுப்பு எழுதுங்கள் ஹஜ்ரத் என்று கேட்டவர்கள் சிலர். மறுப்பு எழுதத்தான் போகிறோம். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த திசையில் அன்று.

நம் நிலைப்பாட்டை முதலில் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்நிய ஆண்களின் முன்னிலையில் பெண்கள் ஆடுவதை நாம் ஆகுமானது என்று கூறவில்லை. இந்தக் கட்டுரையின் எந்த வரியிலும் அதைத் தேட வேண்டாம். நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் நடனத்தில் மிகவும் கண்டிப்பானவர்கள். அதே வேளையில், மலாய் மக்கள் ஷாஃபிஈ மத்ஹபினர் என்பதையும், அந்த மத்ஹபின் தூணாகிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் நடனத்தை அடியோடு ஹராமாக்காமல், குழைந்து நெளியும் ஆட்டத்தையே விலக்கியிருக்கிறார்கள் என்பதையும் அறியாமல் ஒரு சமுதாயம் முழுவதையும் மார்க்கத்தை விற்றவர்கள் என்று பேசுவது அறியாமை. பெருநாளன்று ஹபஷிகள் ஈட்டிகளோடு விளையாடியது மஸ்ஜிதுந் நபவீயில். அதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை பார்ப்பதற்காகத் தம் மேலாடையால் மறைத்து நின்றவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்). அன்ஸாரிகளின் வீட்டுக்கு ஒரு மணப்பெண் அனுப்பப்பட்டபோது, அன்ஸாரிகள் பாட்டையும் களிப்பையும் விரும்புவோராயிற்றே, உங்களிடம் அது ஏதும் இல்லையா என்ற கருத்தில் கேட்டவர்களும் அவர்களே. இவை புகாரியில் இருப்பவை. பெருநாளில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு சொன்ன நபிமொழியை மக்தபில் நாம் வாசித்துக் காட்டினால், பிள்ளைகளின் முகம் மலர்கிறது. பின்னால் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் முகமோ சற்றுச் சுருங்குகிறது. அது ஏன் என்பது தனியே எழுத வேண்டிய செய்தி.

ஆக, ஆட்டத்தில் ஆகுமானதும் உண்டு, ஆகாததும் உண்டு, கருத்து வேற்றுமைக்கு இடமானதும் உண்டு. இதைப் பிரித்துச் சொல்வது உலமாக்களின் வேலை. நம் சண்டை அதைப் பற்றியதன்று. அந்தப் பெண்கள் ஆட்டத்தின் வழியே ஒன்றைக் கேட்கிறார்கள். வீட்டின் முழுச் சுமையையும் சுமப்பவள் நான். என் கையும் தலையும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே அந்தக் கேள்வி. கேட்ட முறை சரியா தவறா என்று மட்டும் பேசிக் கேள்வியைக் குழிதோண்டிப் புதைத்துவிட நம் ஆண்கள் காட்டும் அவசரம் இருக்கிறதே, அதோடுதான் நமக்கு வழக்கு.

மலாய்க்காரர்களைப் பற்றி நம்மவர் பேசும் தொனியும் நமக்கு உறுத்துகிறது. அவர்கள் நமக்கு யாரோ அல்லர். பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டில் நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நிறுவியது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்கா இருக்கிறது. பினாங்கில் இன்றும் ஆடப்படும் ‘போரியா’ என்னும் ஆட்டம், 19ஆம் நூற்றாண்டில் அங்கு நிறுத்தப்பட்டிருந்த சென்னைப் படைப்பிரிவின் முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் மாதத்தில் நடத்திய நிகழ்ச்சியிலிருந்து வளர்ந்தது என்பர். அதாவது, மலாய் ஆட்டத்தைக் கண்டு முகம் சுளிக்கும் நாமே அவர்களுக்கு ஓர் ஆட்டத்தைக் கப்பலேற்றி அனுப்பியவர்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லாஹ் (1797–1854) தமிழ், யமன் வழிவந்த மலாக்காக்காரர். தம் வரலாற்று நூலில் அவர் தம் பாட்டியைப் பற்றி எழுதுகிறார். அந்த அம்மையாரின் பெயர் பெரியாச்சி. எந்தத் தமிழருக்கும் விளக்கம் தேவைப்படாத பெயர். மலாக்காவில் கம்போங் பாலி என்னும் பகுதியில் அவர் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆசிரியையாக இருந்தார். ஏறத்தாழ 200 பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, அவரிடம் ஓதினர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் முஸ்லிம் பெண் துறைமுக நகரம் ஒன்றின் பிள்ளைகளுக்கு உஸ்தாதாக இருந்திருக்கிறார். இன்று நம் வட்டாரத்தில் நிஸ்வான் மதரஸாக்களில் ஐந்தாண்டு ஓதி ஆலிமா பட்டம் பெற்று வரும் பெண்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பட்டமளிப்பு விழாவின் படம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்தப் பிள்ளையின் கல்வி அடுப்படியைத் தாண்டுவதில்லை. மலாய்ப் பெண்ணின் முறம் நமக்குப் புரியாமல் போக நியாயமில்லை.

இனி, தடை போட்டால் தீர்ந்தது என்று நினைப்போருக்குக் கிளந்தான் மாநிலத்தின் கதையைச் சொல்ல வேண்டும். மலேசியாவின் வடகிழக்கில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய மாநிலம் அது. ‘மக்யோங்’ என்னும் நாட்டிய நாடகம் அங்கும், எல்லைக்கு அப்பால் பத்தானியிலும் தொன்றுதொட்டு ஆடப்பட்டு வந்தது. அதன் தனித்தன்மை யாதெனில், நாடகத்தின் நாயகனாகிய அரசன் வேடத்தைப் பெண்ணே ஏற்பாள். அந்த வேடத்திற்குப் ‘பக்யோங்’ என்று பெயர். அரசியும் பெண்ணே. ஆண்களுக்கு உரியவை கோமாளி வேடங்களும் இசைக்கருவிகளும். ரெபாப் என்னும் நரம்புக் கருவியை நோக்கிப் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கைகளை மட்டும் மெல்ல அசைத்துத் தொடங்குவார்கள். பகலெல்லாம் வயலிலும் சந்தையிலும் உழைத்த பெண், இரவில் அரசனாக நின்று ஆணையிடுவாள். கோமாளியாகிய ஆண் அவள் முன் கைகட்டி நிற்பான். பத்தானி நாட்டை 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நான்கு அரசியர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டிருக்கின்றனர். அச்சே நாட்டை 1641 முதல் 1699 வரை நான்கு சுல்தானாக்கள் ஆண்டனர். அவர்களுள் முதல்வரான ஸஃபிய்யத்துத்தீன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கவே அப்துர் ரவூஃப் ஸிங்கிலீ (ரஹ்) மலாய் மொழியில் ஷாஃபிஈ சட்ட நூல் ஒன்றை எழுதினார். அத்தகைய மண்ணில் பெண் அரசன் வேடம் பூணுவது வேடிக்கையாகத் தோன்றியிராது.

மக்யோங் கலையில் மார்க்கத்திற்கு மாறானவை இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆவிகளை அழைப்பதும், அவற்றுக்குப் படையல் வைப்பதும், நோய் தீர்க்க அவற்றை வேண்டுவதும் அதனோடு பின்னியிருந்தன. தவ்ஹீதை ஏற்ற எவரும் அதற்குச் சமாதானம் சொல்ல இயலாது. அங்குள்ள உலமாக்கள் அதைக் கண்டித்தது கடமை.

ஆனால் நடந்தது என்ன? 1990இல் ஆட்சிக்கு வந்த மலேசிய இஸ்லாமியக் கட்சி 1991இல் மக்யோங் கலையைப் பொதுவெளியில் ஆடக்கூடாதெனத் தடை செய்தது. அன்றைய முதலமைச்சர் நிக் அப்துல் அஸீஸ் (ரஹ்) தேவ்பந்திலும் அஸ்ஹரிலும் கற்ற ஆலிம். எளிய வாழ்க்கைக்குப் பெயர் பெற்றவர். நாமும் மதிக்கும் மனிதர். எனினும், படையலை விலக்குங்கள், அழைப்பை நீக்குங்கள், எஞ்சியதைச் சீர்செய்து தருகிறோம் என்று அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசும் வழி அன்று முதன்மை பெறவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாயிற்று.

தடையால் யார் இழந்தார்கள் என்று பார்க்க வேண்டும். கோலாலம்பூரின் தேசிய அரங்கில் மக்யோங் தொடர்ந்து மேடையேறியது. அங்குள்ள கலைக் கல்லூரியில் பாடமாகவும் கற்பிக்கப்பட்டது. 2005இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008இல் பட்டியலிலும் சேர்த்தது. கிளந்தானில் கதீஜா அவாங் என்னும் அம்மையார் 1999இல் அந்நாட்டின் தேசியக் கலைஞர் விருது பெற்றார்; மறு ஆண்டே மறைந்தார். விருது தலைநகரில் கிடைத்தது. பிறந்த மாநிலத்தில் அவருடைய கலைக்குத் தடை. தலைநகரத்துப் பட்டதாரிப் பெண்ணுக்கு எந்த இழப்பும் இல்லை. அரிசிக்கும் மீனுக்கும் ஆடிய கிராமத்துப் பெண்தான் மேடையை இழந்தாள். நம் தமிழ்நாட்டிலும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு முன்னும் பின்னும் நடனத்திற்கு இதுவே நேர்ந்தது. சதிராடிய குலத்துப் பெண்கள் விலகிப்போக, அதே ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் மேட்டுக்குடி வீட்டுப் பிள்ளைகளின் அரங்கேற்றமாயிற்று. அந்தக் குலவழக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. சீர்திருத்தம் என்று வரும்போது செலவை யார் தலையில் எழுதுகிறார்கள் என்பதையே சுட்டுகிறோம்.

இன்னொன்றும் நம்மை நிறுத்தி யோசிக்க வைத்தது. கிளந்தானின் தலைநகர் கோத்தா பாருவில் பெரிய சந்தை ஒன்று உண்டு. அங்கு வணிகம் செய்வோர் பெரும்பாலோர் பெண்கள். அதன் பெயர் ‘பசார் சித்தி கதீஜா’. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பெயர்! வணிகம் செய்து பொருளீட்டி, அந்தப் பொருளால் நபிகளாருக்குத் துணைநின்ற பெருமாட்டியின் பெயரைச் சந்தைக்குச் சூட்டியிருக்கிறார்கள். பாராட்டுகிறோம். பெண் பகல் முழுவதும் ஆண்களோடு விலை பேசலாம், மூட்டை இறக்கலாம், கடன் கொடுத்து வாங்கலாம். அதில் எவருக்கும் ஃபித்னா தெரிவதில்லை, ஏனெனில் வீட்டுக்கு வருமானம் வருகிறது. அவளே தன்னைப் பற்றிப் பேச வாய்திறக்கும் இடத்தில்தான் ஃபித்னா கண்ணுக்குத் தெரிகிறது. 2019இல் ஷரீஅத் நிபந்தனைகளுடன் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள். ஆடத் தெரிந்த மூத்த பெண்களில் பலர் அதற்குள் கப்ருக்குப் போயிருந்தனர். எந்த நிபந்தனைகளை 2019இல் விதித்தார்களோ, அவற்றை 1991இலேயே பேசி விதித்திருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை போலும்.

இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் பெண்களின் கேள்வி அடங்கிற்றா? இல்லை. கிராமத்து முற்றத்திலிருந்து கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் அரங்குகளுக்கு இடம் மாறியது. உலமாக்கள் அருகில் இருந்து திருத்தக்கூடிய இடத்தில் அது இருந்தது. உலமாக்களை எவரும் கலந்துகொள்ளாத இடத்திற்குப் போயிற்று. இன்று நம் கைப்பேசிக்கு வந்திருக்கும் இரண்டு நிமிடத் துண்டும் அப்படிப்பட்ட அரங்குகளிலிருந்து வருவதுதான்.

அண்டை மாநிலத்தைப் பாருங்கள். மலப்புரத்து மணவீடுகளில் மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் கைதட்டிப் பாடியாடும் ‘ஒப்பனை’ மாப்பிளா முஸ்லிம்களின் மரபு. கேரளத்துப் பள்ளிக் கலைவிழாவில் அது போட்டி நிகழ்ச்சியும் ஆகும். அதை எந்த மஹல்லும் ஊர்விலக்கம் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதே மலப்புரத்தின் வி.பி. மான்சியா என்னும் பெண் பரதநாட்டியம் கற்றார். கோயில் நடனம் கற்ற குடும்பம் என்று மஹல்லு ஒதுக்கியதையும், புற்றுநோயால் இறந்த தம் தாயின் ஜனாஸாவை அடக்கப் பள்ளி அடக்கத்தலத்தில் இடம் மறுக்கப்பட்டதையும் அவர் ஊடகங்களில் பலமுறை கூறியிருக்கிறார். 2022இல் இரிஞ்ஞாலக்குடை கூடல்மாணிக்கம் கோயில் விழாவில், ஹிந்து அல்லர் என்ற காரணத்தால் அவருடைய நிகழ்ச்சி நீக்கப்பட்டது. இரண்டு வாசல்களும் அடைபட்டன.

அந்த நடனத்தின் உள்ளடக்கத்தை நாம் ஏற்கவில்லை. ஓர் முஸ்லிம் பெண் பிற சமய வழிபாட்டுப் பாடலுக்கு அபிநயம் பிடிப்பது நமக்கு மனத்துன்பமே. ஆயினும் கேட்கிறோம்: மகள் ஆடியதற்குத் தாயின் ஜனாஸா என்ன செய்தது? ஒரு முஸ்லிமின் ஜனாஸா தொழுகையும் அடக்கமும் ஃபர்ளு கிஃபாயா. ஊரில் எவரும் செய்யாவிட்டால் ஊரே பாவத்தில் பங்கேற்கும். பாவம் செய்தவருக்குங்கூட ஜனாஸா உரிமை இருக்க, பாவம் செய்யாதவருக்கு அதை மறுப்பதற்கு எந்தக் கிதாபில் ஆதாரம்? வட்டிக்கு விடுபவரின் தாயை அடக்கத் தயங்கிய கமிட்டி எங்காவது உண்டா? வரதட்சணை வாங்கியவரின் தந்தைக்குக் குழி மறுத்த முத்தவல்லியைக் காட்ட முடியுமா? பெண்ணின் காலசைவுக்கு மட்டும் கப்ரு வரை நீளும் இந்தத் தண்டனையை மார்க்கத்தின் பெயரால் சொல்லாதீர்கள்.

கேள்வி கேட்கும் பெண்ணை அல்லாஹ்வும் அவன் தூதரும் எவ்வாறு நடத்தினார்கள் என்பது நமக்குத் தெரியாததன்று. கணவர் ளிஹார் சொல்லித் தன்னை நடுத்தெருவில் நிறுத்தியதை எதிர்த்து நபிகளாரிடம் வாதிட்ட கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) அவர்களின் முறையீட்டை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்றே ஒரு சூரா தொடங்குகிறது; அந்தச் சூராவுக்கு வாதிட்ட பெண் என்றே பெயர். ஆண்கள் குறிப்பிடப்படுவதுபோல் நாங்கள் ஏன் குறிப்பிடப்படுவதில்லை என்று உம்மு ஸலமா (ரலி) கேட்டார்கள். ஆணையும் பெண்ணையும் பத்துப் பண்புகளில் அடுத்தடுத்து நிறுத்தும் அஹ்ஸாப் வசனம் விடையாக இறங்கியது. அதே அன்னையார் ஒருநாள் தலைவாரிக்கொண்டிருக்கையில், மனிதர்களே என்று நபிகளார் மிம்பரிலிருந்து அழைப்பது கேட்டது. வாரிவிட்ட பணிப்பெண், ஆண்களைத்தானே அழைக்கிறார்கள் என்றாள். நானும் மனிதர்களில் ஒருத்திதான் என்று அன்னையார் எழுந்தார்கள். முஸ்லிமில் இடம்பெற்ற செய்தி இது. பெண்ணின் அடையாளம் பற்றி மேடை போட்டுப் பேசும் எவரும் இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியுமா என்று நமக்குத் தெரியவில்லை. நம் ஜும்ஆ பயான்களில் இந்த நிகழ்ச்சி ஏனோ அரிதாகவே வருகிறது.

அந்தக் காணொளியின் மணப்பெண்ணிடம் மீண்டும் வருவோம். பிறர் தன் கையையும் தலையையும் திருப்பி வைக்க அசையாதிருக்கும் பெண். தந்தை தம் விருப்பமின்றி மணமுடித்துவைத்ததாக வந்து முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிக்காஹை நபிகளார் ரத்துச் செய்தார்கள். நம் ஊர் நிக்காஹ்களில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மண்டபத்தின் ஒரு பக்கம் தஃப்தர் திறந்திருக்கிறது. வக்கீலும் சாட்சிகளும் மணப்பெண் இருக்கும் அறைக்குப் போகிறார்கள். உள்ளே பதினைந்து பெண்கள், மின்விசிறிச் சத்தம், ஒளிப்படக்காரரின் விளக்கு. மஹர் தொகை இன்னது, சம்மதமா என்று கேட்கும் குரல் அவள் காதில் விழுவதற்குள், பின்னாலிருந்து ஒரு சாச்சியின் கை அவள் தலையை முன்னே சாய்க்கிறது. எழுதுகோல் விரலில் செருகப்படுகிறது. கையெழுத்தாயிற்று, வெளியே பாரக்கல்லாஹ் ஓதப்படுகிறது. எல்லா வீடுகளிலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மலாய்ப் பெண்கள் நம் மண்டபங்களில் எதில் வந்திருந்தாலும் இந்தக் காட்சியை வியப்பின்றிப் பார்த்திருப்பார்கள்.

அதே மண்டபத்தின் வாசலில், மாப்பிள்ளை ஊர்வலம் என்ற பெயரில் நம் இளைஞர்கள் திரைப்பாட்டுக்குப் போடும் ஆட்டம் பற்றி எந்தக் குழுவிலும் எச்சரிக்கைக் குறிப்பு வருவதில்லை. ஒலிபெருக்கி அதிர்கிறது, பக்கத்துத் தெருவில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள், பாங்கு சொல்லும் நேரம்கூடச் சில வேளை கடந்துவிடுகிறது. அதை வயசுப் பையன்கள் என்று சிரித்து விட்டுவிடுகிறோம். பார்வையைத் தாழ்த்துமாறு ஸூரத்துன் நூர் ஆண்களுக்குச் சொல்லிய பிறகே பெண்களுக்குச் சொல்கிறது. அந்த வரிசையை நாம் தலைகீழாக்கிக்கொண்டோம்.

அந்த ஸூரத்துன் நூரின் அதே இடத்தில் காலில் அணியும் நகையின் ஓசை பற்றிய எச்சரிக்கையும் உண்டு. நம் சேலம் வட்டாரம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்றது. வீட்டு முற்றத்தில் அமர்ந்து கொலுசுக்கு வளையம் கோத்துக் கொடுக்கும் பெண்களில் நம் வீட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். கண் மங்க உழைத்து அவர்கள் வாங்கும் கூலி யாருடையது? பெண் ஈட்டியது பெண்ணுக்கு என்று குர்ஆன் தெளிவாக்கிவிட்டது. வீட்டுச் செலவு கணவனின் கடமை. அவள் விரும்பிக் கொடுத்தால் அது தர்மம். நம் வீடுகளில் அந்தக் கூலி எந்தக் கணக்கும் இன்றி ஆண்களின் கைக்குப் போகிறது. கேட்டால், குடும்பம் என்றால் அப்படித்தான் என்கிறார்கள்.

வாரிசுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்பது கடமையாக்கப்பட்ட அளவு. தந்தை மவ்த்தாகி நாற்பது நாள் ஆவதற்குள் சகோதரிகளை வாடகைக் காரில் அழைத்துச் சென்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. கட்டிக்கொடுக்கும்போதே சீர் செய்துவிட்டோமே என்பது காரணம். சீர் என்பது மார்க்கம் கேட்காதது. பங்கு என்பது மார்க்கம் கட்டளையிட்டது. கேட்காததைக் கொடுத்துவிட்டு, கட்டளையிட்டதைப் பறித்துக்கொள்கிறோம். மறுத்துப் பேசும் சகோதரிக்குத் தாய்வீட்டு வாசல் அடைபடும் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே விருப்பத்தோடு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்திடுகிறாள். இதை விருப்பம் என்று எந்த ஃபகீஹ் ஒப்புவார்?

இந்தக் கேள்விகள் மலாய் நாட்டிலிருந்து வந்து நம் பெண்களைக் கெடுப்பதாக யாரும் பயம் காட்ட வேண்டாம். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938லேயே ‘காதலா கடமையா’ என்னும் நாவலை எழுதி வெளியிட்டார். துவரங்குறிச்சி சல்மா பருவமெய்தியதும் பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்டவர். வீட்டார் அறியாமல் மறைவாக எழுதினார். பின்னாளில் பேரூராட்சித் தலைவரும் ஆனார். அவர் எழுத்தில் நமக்கு உடன்பாடில்லாதவை நிறைய. ஆனால் அவர் ஏன் மறைந்து எழுத நேர்ந்தது என்ற கேள்விக்கு நாமல்லவா பொறுப்பு? ஜமாஅத் பஞ்சாயத்தில் தலாக் வழக்கு பேசப்படும்போது அந்தப் பெண் உள்ளே வந்து பேச இடமில்லாமல் போனதால்தான், புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்றே தனி ஜமாஅத் அமைத்தார். அதை அன்று எதிர்த்துப் பேசியவர்கள் பலர். நம் பஞ்சாயத்தின் வாசலைத் திறந்து வைத்திருந்தால் அதற்குத் தேவையே வந்திராது.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறோம். இப்படி எழுதினால் மார்க்கப் பகைவர்கள் இதை எடுத்துக்காட்டி நம்மை ஏளனம் செய்வார்களே என்பார்கள். ஏளனம் செய்பவர்களுக்கு நம் கட்டுரை தேவையில்லை. நம் விடுதலைப் பத்திரங்களே போதும். மற்றொரு மறுப்பு, பெண்களுக்கு இடம் கொடுத்தால் மேடை ஏறிவிடுவார்கள் என்பது. கிளந்தான் பெண்களுக்கு மேடை மறுக்கப்பட்ட இருபத்தெட்டு ஆண்டுகளில் மலாய்ப் பெண்கள் மேடையேறவில்லையா? எங்கே ஏறினார்கள், யார் முன் ஏறினார்கள், அவர்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதியோடு யார் அருகில் இருந்தார்கள் என்பதுதான் மாறியது. நம் பெண்பிள்ளைகளிடமும் கைப்பேசி இருக்கிறது. இன்று அவர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நாளை வேறெங்கோ கேட்பார்கள்.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் ஜமாஅத் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். தலாக், குல்உ, ஜீவனாம்சம் பற்றிய பஞ்சாயத்து எதுவாயினும், ஊரில் ஓதித் தேறிய ஆலிமாக்கள் இருவரையாவது அமர்த்தி, பெண்ணின் வாக்குமூலத்தை அவர்கள் வழியாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஒரு குடும்பத்தில் மய்யித் நிகழ்ந்தால், மூன்று மாதத்திற்குள் வாரிசுகளின் பங்கைக் கணக்கிட்டு எழுதி, பெண் வாரிசுகள் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு படி கொடுங்கள். விட்டுக்கொடுப்பதாயின் அதன்பிறகு அவள் விட்டுக்கொடுக்கட்டும். கணக்கிட்டு எழுதித் தரும் வேலைக்கு நம்மை அழைத்தால் ஊதியமின்றி வருகிறோம், இன்ஷா அல்லாஹ். இவ்விரண்டுக்கும் முத்தவல்லிகள் பதில் தரட்டும். அந்த மலாய்க் காணொளியைப் பற்றி அதன்பின் உட்கார்ந்து பேசலாம்.